குதிரையின் நஞ்சுக்கொடி ஹார்மோனும் வளர்ச்சிக் காரணிகளும்

குதிரைக் கோரியான் கொனடோட்ரோபின் என்பது, சினைப்பட்ட பெட்டைக் குதிரையின் கருப்பையில், கருவின் வெளிப்படலத்திலிருந்து பிரிந்து வந்த செல்கள் சுரக்கும் ஹார்மோன் ஆகும். 1930இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு கோல், ஜார்ஜ் ஹார்ட் ஆகிய இருவரும், சினைக் குதிரையின் சீரத்தை இளம் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் சினையகங்கள் பெருத்ததைக் கண்டு, இப்படியொரு பொருள் இரத்தத்தில் இருப்பதை நிறுவினர். நஞ்சுக்கொடியே கொனடோட்ரோபினைச் சுரப்பது பாலூட்டிகளுள் மிக அரிது. குதிரையினத்திலும் மனிதர் உள்ளிட்ட குரங்கினத்திலுமே அது தெளிவாக அறியப்பட்டுள்ளது. இந்த ஹார்மோனை ஆக்கும் மரபணு எந்த நாளில், எந்தச் செல்லில், எவ்வளவு செயற்பட வேண்டும் என்பதை அண்டைத் திசுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் பெரிதும் நெறிப்படுத்துகின்றன.

கரு உருவாகி ஏறத்தாழ 25 நாள் ஆகும்போது, அதைச் சூழ்ந்த கோரியான் படலத்தில், அலன்டாயிஸ் பையும் கருவுணவுப் பையும் சந்திக்கும் எல்லையில், நாடா போன்ற ஒரு வளையம் தடித்து எழுகிறது. கோரியான் கச்சை எனப்படும் இவ்வளையத்தின் செல்கள் வேகமாகப் பெருகி, 36ஆம் நாள் முதல் 38ஆம் நாள் வரையிலான குறுகிய காலத்தில் தாயின் கருப்பை உட்சுவரைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. அங்கே அவை பிரிவதை நிறுத்தி, இரண்டு உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக முதிர்ந்து, குழிந்த மேடுகளாகத் திரள்கின்றன. கருப்பைக் கிண்ணங்கள் என்று அழைக்கப்படும் இம்மேடுகளைத் தாயின் திசு என்றே நெடுங்காலம் கருதியிருந்தனர்; கருவின் கச்சைச் செல்களே ஹார்மோனைச் சுரக்கின்றன என்பதை 1972இல் ஆலன், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். இரத்தத்தில் ஹார்மோனின் அளவு 55ஆம் நாளுக்கும் 70ஆம் நாளுக்கும் இடையில் உச்சத்தை எட்டுகிறது. பின்னர் தாயின் வெள்ளணுக்கள் கிண்ணங்களைச் சூழ்ந்து தாக்குவதால் அது குறைந்து, 120ஆம் நாளை ஒட்டிப் பெரும்பாலும் மறைகிறது.

கொனடோட்ரோபின் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு புரதத் துணையலகுகளால் ஆனது. மனிதரில் நஞ்சுக்கொடியின் பீட்டா அலகுக்கெனத் தனி மரபணுக்கள் உண்டு. குதிரையிலோ, பிட்யூட்டரிச் சுரப்பி வெளியிடும் லூட்டினைசிங் ஹார்மோனுக்கும் நஞ்சுக்கொடி ஹார்மோனுக்கும் பீட்டா அலகைத் தருவது ஒரே மரபணுதான். இரண்டும் வேறுபடுவது புரதத்தின்மேல் ஏறும் சர்க்கரைச் சங்கிலிகளில். நஞ்சுக்கொடி ஹார்மோனின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு சர்க்கரையே என்பதால், அது இரத்தத்தில் பல நாள் சிதையாமல் நிற்கிறது. ஒரே மரபணு பிட்யூட்டரிச் சுரப்பியில் ஒரு வகைக் கட்டளைக்கும், கருப்படலத்தில் முற்றிலும் வேறான கட்டளைக்கும் பணிவது இத்துறையின் மிக ஆழமான சிக்கல். ஆல்ஃபா மரபணுவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு: மனித நஞ்சுக்கொடியில் அதை இயக்குவதில் சுழற்சி ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறுக்கு விடையளிக்கும் டிஎன்ஏ வரிசை முதன்மையானது, குதிரையின் மரபணு அவ்வரிசையைச் சாராமல் வேறு புரதங்களைக் கொண்டு இயங்குகிறது. ஆகவே இரு குலங்களும் இத்திறனைத் தனித்தனியே அடைந்தன என்று கொள்வதே பொருந்தும்.

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் வெளியிட்டு, அருகிலுள்ள செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தி, அதன் உட்கரு வரை செய்தியைக் கடத்தச் செய்யும் சிறு புரதமாகும். கோரியான் கச்சையின் அடியில் உள்ள இடைத்திசு கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணியை ஆக்குகிறது; அதற்கான ஏற்பியான சி-மெட், மேலே உள்ள கச்சைச் செல்களில் இருக்கிறது. செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டும் இக்காரணியே கச்சையின் விரைந்த வளர்ச்சிக்கு உந்துதல் தருவதாகக் கருதப்படுகிறது. அடுத்த கட்டமான முதிர்ச்சியில் எலும்பு உருவாக்கப் புரதம்-4 முன்னிற்கிறது. லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்புரதம் ஸ்மாட்-1, ஸ்மாட்-5 என்னும் உட்செல் தூதர்களை இயக்கி, இரட்டை உட்கருச் செல்களின் எண்ணிக்கையையும் அவை சுரக்கும் ஹார்மோனின் அளவையும் உயர்த்துகிறது. அதே கட்டத்தில் கச்சைச் செல்களில் ஜிசிஎம்-1 என்னும் படியெடுப்புக் காரணி, அதாவது மரபணுவின் முகப்பில் அமர்ந்து அதைப் படியெடுக்கச் செய்யும் புரதம், பெருகுகிறது. தாயின் பங்கும் சிறிதன்று: கருப்பைச் சுரப்பிகள் 35ஆம் நாளுக்கும் 40ஆம் நாளுக்கும் இடையில் மேற்தோல் வளர்ச்சிக் காரணியை மிகுதியாக ஆக்கத் தொடங்குகின்றன. இக்காரணி தன் ஏற்பியில் பொருந்தியதும் ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் நொதி வரிசை ஒன்றையடுத்து ஒன்றாக விழித்து, உட்கருவிலுள்ள படியெடுப்புக் காரணிகளை மாற்றியமைக்கிறது. மனித நஞ்சுக்கொடிப் புற்றுச் செல்களில் அது சுழற்சி ஏஎம்பியுடன் சேர்ந்து ஆல்ஃபா மரபணுவைத் தூண்டுவது நேரடியாகக் காட்டப்பட்டுள்ளது.

கலப்பினச் சினைகள் இந்த ஒழுங்குமுறைக்கு இயற்கையே தரும் சான்று. பெட்டைக் குதிரை ஆண் கழுதையோடு சேர்ந்து கோவேறு கழுதையைச் சுமக்கும்போது கச்சை குறுகி, ஹார்மோன் மிகக் குறைவாகச் சுரக்கிறது. பெண் கழுதை ஆண் குதிரையோடு சேர்ந்து சுமக்கும்போது கச்சை அகன்று, ஹார்மோன் பெருகுகிறது. கழுதைக் கருவைக் குதிரையின் கருப்பையில் பதித்தால் கச்சை உட்சுவருக்குள் இறங்குவதே இல்லை. அத்தகைய சினைகளில் பெரும்பாலானவை மூன்றாம் மாதத்தை ஒட்டிக் கலைந்துவிடுகின்றன. இவற்றிலிருந்து கருவின் மரபணுத்தொகுதியும், அது தங்கும் கருப்பைச் சூழலும் ஒன்றோடொன்று இசைந்தால்தான் ஹார்மோன் மரபணு முழுமையாக வெளிப்படும் என்பது தெளிவாகிறது.

தமிழகத்துக்குக் குதிரையின் சினை வெறும் ஏட்டுச் செய்தி அன்று. பாண்டியர் கடல்வழியே குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், நல்ல பொலிக்குதிரையும் பெட்டையும் சேர்ந்தும் இங்கே நல்ல குட்டி பிறப்பதில்லை என்பதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். அப்படிக் குதிரை வாங்க அனுப்பப்பட்ட அமைச்சராக மரபு போற்றும் மாணிக்கவாசகர், திருவெம்பாவையைப் பாடிய தலமாகக் கருதப்படுவது திருவண்ணாமலை. அவ்வூரில் கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் இன்றும் குதிரைகள் விலைக்கு வருகின்றன. பெட்டைக் குதிரையை வாங்குபவருக்கு அது சினையா என்பதை அறிவது முதன்மையான தேவை. ஹரியானாவின் ஹிசாரில் இயங்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்த ஹார்மோனை இரத்தத்தில் கண்டறியும் எலைசா சோதனையை உருவாக்கியுள்ளது. அம்மையத்தின் பிகானேர் வளாகத்தில் 2023இல் கருமாற்று முறையில் மார்வாரிக் குட்டி பிறந்தது. இம்முறையில் வாடகைத் தாயின் இரத்தத்தில் ஏறும் ஹார்மோனும் பதிக்கப்பட்ட கருவின் செல்கள் தருவதே.

வேறு கால்நடைகளில் இந்த ஹார்மோன் சினைமுட்டைகளை முதிரச் செய்வதால், பசு, ஆடு, பன்றி ஆகியவற்றைச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவரும் மருந்தாகவும் விற்கப்படுகிறது. அதற்காகத் தென்னமெரிக்காவிலும் ஐஸ்லாந்திலும் சினைக் குதிரைகளிடமிருந்து திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பது கடும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது, கண்டனம் நியாயமானதே. செல் வளர்ப்பில் இதே ஹார்மோனை ஆக்க முடிந்துவிட்ட நிலையில், அவ்வழக்கத்தைத் தொடர வலுவான காரணம் இல்லை.

சந்தையில் குதிரை வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. கிண்ணங்கள் உருவான பிறகு கரு இறந்துபோனாலும் அவை தம் ஆயுள் முடியும்வரை சுரந்துகொண்டே இருக்கும். குதிரையும் பெரும்பாலும் சினைப்பருவத்துக்குத் திரும்பாது. ஆதலால் இரத்தச் சோதனை சினை என்று காட்டினாலும், கருவின் இதயத்துடிப்பைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஸ்கேன் மூலம் பார்த்து உறுதிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.