நிலாவுக்குப் போன வாட்ச்: பழசா, புதுசா?

மச்சானுக்கு ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்க வேண்டும், அதுவும் பழசு. "நிலாவுக்குப் போன அதே வாட்ச் மாப்ளே" என்கிறார். அந்த 'அதே'வில்தான் வில்லங்கம் மக்களே!

1957-ல் கார் பந்தயத்துக்காக வந்த வாட்ச் இது. வெப்பம், குளிர், அதிர்ச்சி என்று படாதபாடு படுத்திவிட்டு, 1965 மார்ச்சில் நாசா இதற்குத் தகுதிச் சான்று கொடுத்தது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சைக் கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இருந்த மின்னணு டைமர் மக்கர் பண்ணியதால்! நிலாவில் நடந்தது ஆல்ட்ரின் கையில் இருந்த வாட்ச். (பிற்பாடு அது காணாமல் போனது தனிக்கதை.)

அதற்குள் ஓடியது 321 என்ற இயந்திரம். 1968-லேயே ஓமேகா, தயாரிக்கச் சுலபமான 861-க்கு மாற ஆரம்பித்துவிட்டது. ஆக, "நிலவில் அணிந்த முதல் வாட்ச்" என்று பின்மூடியில் பொறித்து எழுபதுகளில் விற்றவற்றுக்குள் இருப்பது ஆல்ட்ரின் கையில் ஓடிய இயந்திரம் அல்ல. நல்ல வாட்ச்தான், ஆனால் 'அதே' இல்லை.

சரி, அசல் பழசுக்கே போவோம் என்றால்? 1957 மாடல் ஒன்று 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஓமேகாவின் சொந்த மியூசியம்! அது பல வாட்ச்களின் பாகங்களைக் கோர்த்துச் செய்தது என்று 2023-ல் ஓமேகாவே சொல்லிவிட்டது. செய்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? நம் நாட்டில் டயலுக்குப் புது பெயின்ட் அடித்து விற்கும் பழைய வாட்ச்களுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பட்டப்பெயரே இருக்கிறது.

2019-ல் வந்த 3861 இயந்திரம் 15,000 காஸ் காந்தத்தைத் தாங்கும். பழசின் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக ஓடும். லேப்டாப், ஸ்பீக்கர், செல்போன் என்று நம்மைச் சுற்றி எல்லாமே காந்தம்தானே! புதுசில் சாவித்திருகை இழுத்தால் நொடிமுள் நிற்கும், நேரம் துல்லியமாக வைக்கலாம். 861-ல் அது கிடையாது. தினமும் சாவி கொடுக்கும் சுகம் இரண்டிலும் உண்டு.

என் ஓட்டு புதுசுக்கு, அதிலும் ஹெசலைட் கண்ணாடி. கீறல் விழும்தான், ஆனால் தேய்த்தால் போய்விடும்; உடைந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது. நிலாவுக்குப் போனதும் அந்த வகைக் கண்ணாடிதான். 321-தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக 2020-ல் ஸ்டீல் வாட்சில் அந்த இயந்திரத்தை ஓமேகாவே மறுபடி கொண்டுவந்தது. விலை மட்டும் சாதா ஸ்பீட்மாஸ்டரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் :-)