தூத்தூர்க்காரர்களின் தங்குகடல்

1991இல் இந்திய அரசு புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டின் கடல் எல்லைச் சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள மீன்வளத்தின் மீது நாட்டுக்கு உரிமை அளித்திருந்தது. அந்தப் பரப்பின் வெளிப்பகுதி பயன்படாமல் கிடக்கிறது, நம் மீனவர்களுக்கு அங்கே போய் நாட்கணக்கில் தங்கும் கலமும் பழக்கமும் இல்லை, ஆகவே வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து அவர்களுடைய கப்பல்களை வரவழைக்கலாம் என்பது அந்தக் கொள்கையின் அடிப்படை. மீனவர் சங்கங்கள் நாடு முழுவதும் போராடின. முராரி என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அந்த உரிமங்களை ரத்து செய்யலாம் என்று 1996இல் பரிந்துரைத்தது. அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கொள்கைக்கு அடித்தளமாக இருந்த ‘நம்மவர்களுக்குப் பழக்கமில்லை’ என்ற நினைப்பே பிழையானது என்பதுதான் போதிய அளவு பேசப்படவில்லை. கொள்கை எழுதப்பட்ட காலத்திலேயே கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் தூத்தூர் வட்டார மீனவர்கள் தங்குகடல் தொழிலில், அதாவது கடலிலேயே நாட்கணக்கில் தங்கி மீன்பிடிப்பதில், தேர்ந்திருந்தார்கள். அரசின் திட்டம் எதுவும் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை. உறவு, பங்கு, தூண்டில் ஆகிய மூன்றையும் கொண்டு அவர்களே கட்டிய தொழில் அது. தமிழ்நாட்டுக் கடலோர வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

தூரத்து மீனைத் தேடிப் போவது பழைய வழக்கம். கடலிலேயே நாட்கணக்கில் உறங்குவதுதான் புதியது. விசைப்படகுக்கு முந்தைய காலத்தில் நெடுந்தூரம் போனவர்கள் இரவைக் கரையில் கழித்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பருவத்துக்குப் பருவம் ஏதாவதொரு தீவிலோ ஆளில்லாக் கரையிலோ வாடி போட்டுத் தங்கி, அங்கிருந்து தொழிலுக்குப் போய்வந்தார்கள். கச்சத்தீவில் 1905 அளவில் அந்தோணியார் கோயில் எழுந்ததும், 1974 ஒப்பந்தம் எழுதப்பட்டபோது வலை உலர்த்தும் இடமாக அத்தீவு பேசப்பட்டதும் இந்த வழக்கத்தின் தடயங்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கடற்கரை முகாம்களும் இதே வகை. தோணிகளில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன மாலுமிகள் கடலில் உறங்கியவர்கள்தான், ஆனால் அவர்கள் சுமந்தது கெடாத சரக்கு. பயண நாட்களை மனிதனின் துணிச்சலைவிட மீன் கெடும் வேகமே தீர்மானித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கரையோரமெங்கும் மீன் உப்பிடும் களங்கள் திறந்து வரியில்லா உப்பைக் கொடுத்ததற்கும், கரைக்கு வந்த மீன் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதே காரணம். கட்டுமரத்தில் மேல்தளமும் அறையும் கிடையாது. மழையும் அலையும் நேரே உடம்பின் மேல் விழும். அதில் போனவன் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி, பூத்துறை, இரையுமன்துறை ஆகிய ஊர்கள் தேங்காப்பட்டணத்துப் பொழிமுகத்தை ஒட்டி மேற்கே கேரள எல்லை வரை நெருக்கமாக அடுக்கியவை. முன்னால் அரபிக்கடலின் முரட்டு அலை, பின்னால் நெருக்கடியான நிலம். தென்மேற்குப் பருவமழையில் கடல் வீட்டுக்குள்ளேயே வரும். படகை நிறுத்த நல்ல துறைமுகம் நெடுங்காலம் இல்லை. இந்த மக்கள் சுறாவைத் தேடித் தூண்டில் போட்டவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது காட் மீன் எண்ணெய் இறக்குமதி நின்றுபோக, திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சின. சுறாவுக்கு விலை வந்தது. துடுப்புக்குக் கிழக்காசியச் சந்தை இருந்தது. உலர்த்திவிட்டால் அது கெடாது. ஈரலும் துடுப்பும் இருந்ததால்தான், கரையோர மீனை நம்பியவர்களுக்குக் கட்டுபடியாகாத தூரம் சுறாக்காரர்களுக்குக் கட்டுபடியானது. மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் குறிக்கும் வழக்கம் கரை மறைந்ததும் உதவாது. அதற்கு அப்பால் நட்சத்திரமும் நீரோட்டமும் காற்றின் திசையும்தான் வழிகாட்டி. அந்த அறிவைப் பாய்மரக் காலத்திலேயே சேர்த்து வைத்தவர்களுக்கு, எஞ்சின் வந்தபோது புதிதாகக் கற்க வேண்டியது குறைவாக இருந்தது.

எஞ்சினும் ஐஸும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது. ஆனால் எஞ்சின் மட்டும் என்ன செய்தது என்பதற்கு இதே கடற்கரையில் சான்று உண்டு. இந்திய–நார்வே திட்டம் 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்தும் நோக்கத்தோடு வந்த விசைப்படகுகள், இறால் ஏற்றுமதியில் பணம் புரளத் தொடங்கியதும், இழுவலையைக் கட்டிக்கொண்டு கரைக்கு அருகிலேயே சுற்றின. தமிழ்நாட்டிலும் அப்படியே. எஞ்சின் கிடைத்த பெரும்பாலோர் ஆழ்கடலுக்குப் போகவில்லை. கட்டுமரக்காரர்களின் கடலுக்குள் வந்தார்கள். 1970களில் நடந்த மோதல்களுக்கும், விசைப்படகு மூன்று கடல் மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதுதான் காரணம். தூத்தூர்க்காரர்கள் விசைப்படகை வாங்கி, ஆயிரங்கால் தூண்டிலுக்கும் செவுள் வலைக்கும் ஏற்றபடி அமைத்து, வயிற்றில் ஐஸை நிரப்பி, எதிர்த்திசையில் போனார்கள். அதே எஞ்சின், அதே டீசல். வேறுபாடு ஆட்களின் பழக்கத்தில் இருந்தது. 1980களில் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிக் கொடுத்தபோதும், அவை கரையோரத் தொழிலுக்கே பெரிதும் உதவின. வெளிக்கடல் ஓட்டம் கொச்சி, முனம்பம் துறைமுகங்களை நம்பி வளர்ந்தது.

ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர். அண்ணன் தம்பி, மச்சான், மாமன் மகன், ஒரே தெருவில் வளர்ந்த கூட்டாளிகள். இரண்டு வாரம், மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேல். குடிநீரும் அரிசியும் எண்ணிச் செலவழிக்க வேண்டும். உறங்கும் இடம் ஆள் நீளம்தான். இரவில் வலையோ தூண்டிலோ, பகலில் தூக்கம். டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சுவதில் படகுக்கு ஒரு பங்கும் ஆட்களுக்கு ஒரு பங்கும். மீன் இல்லையென்றால் எல்லாருக்கும் இல்லை. பல படகுகளுக்கு ஒருவருக்கு மேற்பட்ட பங்குதாரர்கள் உண்டு, அவர்களில் சிலர் அதே படகில் தொழில் செய்பவர்கள். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து இப்படியொரு தொழிலை நடத்துவது கடினம். இருபதாவது நாள் இரவில் தூண்டில் இழுக்கும்போது ஆளை எழுப்ப மேற்பார்வையாளன் யாரும் இல்லை. இதைப் பழவேற்காடு ஏரியோடு ஒப்பிட்டால் நன்றாக விளங்கும். அந்த ஏரியின் மீனவர்கள் ‘பாடு’ என்ற முறைப்படி, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டுச் சுற்றுமுறையில் பிரித்துக்கொள்கிறார்கள். ஏரியில் ஒழுங்கு நீரைப் பங்கிடுகிறது. வெளிக்கடலில் பங்கிட நீரே இல்லை, எல்லை போட முடியாது; அங்கே ஒழுங்கு கிடைத்த மீனைப் பங்கிடுகிறது. இரண்டுமே எழுதப்படாத சட்டங்கள். ஏரியின் ஒழுங்கை ஆய்வாளர்கள் போற்றி எழுதியிருக்கிறார்கள். படகின் ஒழுங்கை, எனக்குத் தெரிந்தவரை, அந்த மரியாதையோடு பார்த்தவர்கள் குறைவு.

எழுதப்பட்ட சட்டமோ இவர்களைக் காணவே இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், விசைப்படகு காலை 5 மணிக்குப் பிறகு புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றன. தமிழ்நாட்டு மீன்பிடி என்றால் அன்றாடம் போய்த் திரும்புவது என்ற மனப்படம் அதில் இருக்கிறது. தூத்துக்குடி விசைப்படகுக்காரர்கள் தங்குகடலுக்கு அனுமதி கேட்டுப் பலமுறை போராடியதற்கும் இதுவே காரணம். மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது. அதற்கு அப்பால், வெளிநாட்டுக் கலங்களுக்கு 1981இலேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியப் படகுகளுக்குச் சட்டம் அண்மைக்காலம் வரை இல்லை. வீடு தமிழ்நாட்டில், துறைமுகம் கேரளத்தில், தொழில் மத்திய அரசின் நீரில். மூன்று அரசுகளுக்கும் நடுவே விழுந்துபோனவர்கள் இவர்கள். 2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்து ஒரே அறிவிப்பில் தடைசெய்தபோது, சுறாவை நம்பி ஒரு வட்டாரமே வாழ்கிறது என்பது அந்த அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு டிசம்பரில் பட்டியல் சில இனங்களாகச் சுருங்கியது. 2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலியக் கப்பலின் காவலர்கள் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் குமரி மாவட்டத்தவர், படகின் சொந்தக்காரர் பூத்துறைக்காரர். பிற்பகல் நேரம், படகில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகலில் உறங்கும் படகை ஆயுதம் தாங்கியவர்கள் கொள்ளைப் படகாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலைப் புகழ்வோர் எதிர்கொள்ள வேண்டிய வலுவான மறுப்பு சுறாவைப் பற்றியது. சுறா மெதுவாக வளரும், குறைவாகக் குட்டி போடும்; இத்தனை ஆண்டுத் தூண்டிலால் அதன் எண்ணிக்கை குறைந்தது. இதை மறைக்கக்கூடாது. இவர்களில் சிலர் டீகோ கார்சியா தீவு வரை போய் அங்கே பிடிபட்டதும் உண்மை. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015இல் தடைசெய்யப்பட்டது நியாயமானதே. ஆனால் அதைக் கொண்டு தங்குகடலையே குற்றம் சாட்டுவது தவறு. தீங்கின் அளவைக் கருவியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சென்னைக் காசிமேட்டிலிருந்து ஆந்திரக் கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும் இழுவலைப் படகுகளும் தங்குகடல்தான். அவை கடலின் அடித்தளத்தை அரித்துக்கொண்டு போவதால் நெல்லூர்க் கரையோர மீனவர்கள் அவற்றை அடிக்கடி மடக்கிப் பிடிக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தூண்டில் தன் அளவுக்குத் தகுந்த மீனைத்தான் பிடிக்கும். கேரை, சூரை, பெரிய கலவா என்று தூத்தூர்ப் படகுகளின் இலக்கும் மாறிவிட்டது. எந்த மீனை எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவது சாத்தியம், அவர்களிடம் பேசத்தக்க ஒழுங்கு ஏற்கெனவே இருப்பதால்.

ஒக்கி புயலின்போது எழுந்த குற்றச்சாட்டு இன்னும் கொடியது: அவ்வளவு தூரம் போகச் சொன்னது யார்? 2017 நவம்பர் 30 அன்று குமரி முனை அருகே தாழ்வு மண்டலம் புயலானது. புயல் எச்சரிக்கை அன்றுதான் வந்தது. தங்குகடல் படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு, வானொலிக் கருவி எட்டாத தூரத்தில் இருந்தன. கரையில் ஒட்டப்பட்ட எச்சரிக்கை அவர்களுக்கானதாக இருக்க முடியாது. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. வள்ளவிளையும் தூத்தூரும் சின்னத்துறையும் இழந்தவர்களை ஒரே நாளில் எண்ணி முடிக்க முடியவில்லை. மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடுங்கள் என்று கேட்டார்கள். தேடுவதற்கு அரசிடம் முதலில் வேண்டியிருந்தது, யார் எந்தப் படகில் போனார்கள் என்ற பட்டியல். அது ஊர்க் கோயில்களிலும் வீடுகளிலும்தான் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அன்னியச் செலாவணி ஈட்டிய தொழிலை ‘துணிச்சல்’ என்று சொல்லி ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. 2019இல் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள்களின் வழியே கரையிலிருந்து எந்தத் தூரத்துக்கும் எச்சரிக்கை அனுப்பலாம் என்றார்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் ஒக்கிக்கு முன்பே வானில் இருந்தன. கீழே அந்தச் செய்தியை வாங்கும் கருவிதான் படகுகளில் இல்லை. வந்த கருவியும் செய்தியைப் பெறுமே தவிர, படகிலிருந்து பதில் அனுப்பாது. இருவழிக் கருவிகள் அதற்குப் பிறகுதான் பொருத்தப்பட்டன.

2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த பாக் நீரிணைத் திட்டம் இந்த வாதத்துக்குக் கடைசிச் சான்று. இழுவலையைக் கைவிடுவோருக்கு 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள சூரை மீன்பிடிப் படகு. மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் பங்கு 8 லட்சம். இலக்கு 2000 படகுகள். நோக்கம் நல்லது, இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சீரழியும் மீனவர்களுக்கு வேறு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டி முடிந்தவை இலக்கில் சிறு பகுதியே. கடனும் விலையும் காரணம் என்கிறார்கள், அது உண்மைதான். அதோடு, வாரத்தில் மூன்று நாள் புறப்பட்டு மறுநாள் திரும்பும் பழக்கமுள்ளவர்களிடம் மூன்று வாரக் கடலை ஒப்படைத்தால், படகோடு கூட அதை ஓட்டும் ஸ்ராங்கும், இரை கட்டத் தெரிந்த ஆட்களும், நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டாளிகளும் வேண்டும் என்பதற்கு மதிப்பீட்டுத் தாளில் பத்தி எதுவும் இல்லை. அந்த ஆட்கள் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில், தூத்தூரில் இருக்கிறார்கள். கலம் கட்ட ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை எடுத்து, பாக் நீரிணை இளைஞர்களை இரண்டு பருவம் தூத்தூர்ப் படகுகளில் பங்குக்கே ஏற்றி அனுப்பியிருக்கலாம். அதை இன்றும் செய்யலாம்.