கிட்டி போட்ட கைகள்

போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. குற்றவியல் வழக்கு நடத்தும் எனக்கு இது அன்றாடம் புழங்கும் சட்டம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. இன்றைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23. வெள்ளைக்காரன் தயவில் வந்தது என்று ஜூனியர்கள் சொல்லும்போது எனக்குப் பொறுக்காது.

இந்தச் சட்டத்தின் வேர் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. கிஸ்தி கட்டாத குடியானவனின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே கொடுத்து நெரிப்பார்கள். அதுதான் கிட்டி. கழுத்தில் போட்ட கயிற்றைக் கால்விரலோடு இழுத்துக் கட்டிக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்தினால் அண்ணாந்தாள். சில சமயம் முதுகில் கல்லும் ஏறும். திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே வழிதான்.

கஜுல லட்சுமிநரசு செட்டியும் அவருடைய சென்னை சுதேசி சங்கமும் இதை விடவில்லை. 1853-இல் இங்கே வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரிடம் குடியானவர்களின் நிலையை நேரில் காட்டினார் செட்டி. மறு ஆண்டு நாடாளுமன்றத்தில் விவாதம். தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் அடங்கிய விசாரணை ஆணையம். வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 நேரில் சொல்லப்பட்டவை. தெற்கே ரயிலே ஓடாத காலம். ஊரில் அதே தாசில்தார் காத்திருப்பார் என்று தெரிந்தும் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

சித்திரவதை நடப்பது உண்மைதான் என்றது 1855-இல் வெளியான அறிக்கை. ஆனால் பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் போட்டு, வெள்ளை அதிகாரிகளைத் தப்பவிட்டது. இதை என்னால் ஏற்க முடியாது. நெரித்து வாங்கிய பணம் கம்பெனி கஜானாவுக்குத்தானே போனது?

என்றாலும் பலன் வந்தது. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வரி வசூலையும் போலீஸையும் பிரித்தது. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றது. அதுவே 1872-இல் 25-ஆம் பிரிவானது.

அந்தச் சட்டத்திலேயே 27-ஆம் பிரிவு ஓர் ஓட்டையையும் விட்டுவைத்தது: குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால், அந்தப் பேச்சு மட்டும் செல்லும். புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. காவலில் அடி விழுவது பெரும்பாலும் அந்தப் பொருளுக்காகத்தான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.