மேப்பிள் வாசமும் அம்மையின் களி உருளியும்

டொராண்டோவில் இருக்கும் தம்பி லீவுக்கு நாகர்கோவில் வந்தப்போ ஒரு குப்பி மேப்பிள் சிரப் கொண்டு வந்தான். அம்மை மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, "இதயா மக்கா பிளேன்ல தூக்கிட்டு வந்தே? வெந்தயக்களி கிண்டுன உருளி மணம்லா அடிக்கு" என்றாள். எல்லாரும் சிரிச்சோம். ராத்திரி உக்காந்து தேடிப் பாத்தா, அம்மை சொன்னது நூத்துக்கு நூறு சரி!

இந்த மணத்துக்குக் காரணமான பொருளின் பெயர் சோட்டோலோன். 1980-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டது மேப்பிளில் அல்ல, சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையில். வெந்தயத்தின் மணமும் இதுதான். கொஞ்சமா இருந்தா மேப்பிள், கூடிப்போனா வெந்தயம். அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலதான் போலி மேப்பிள் சிரப்புக்கு வெந்தயச் சாறு சேர்க்கிறார்கள். சென்ட் குப்பியில் 'மேப்பிள்' என்று போட்டிருந்தாலும் அந்த மரத்துக்கும் அதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. இதே சோட்டோலோன், இல்லேன்னா வெந்தயச் சாறு, அதுவும் இல்லேன்னா மத்தியதரைக்கடல் ஓரத்தில் பூக்கும் இம்மோர்ட்டெல் என்ற மஞ்சள் பூ.

2005 அக்டோபரில் நியூயார்க் முழுக்க ஒருநாள் மேப்பிள் மணம் வீசியது. இரட்டைக் கோபுரம் விழுந்து நாலு வருசம்தான் ஆகியிருந்தது, ஜனங்கள் விஷவாயுவோ என்று பயந்து போன் மேல் போன் போட்டார்கள். மணம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2009 பிப்ரவரியில் மேயர் புளூம்பெர்க் விடையைச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் வெந்தயம் பதப்படுத்தியிருக்கிறார்கள். எங்க அம்மையைக் கூட்டிட்டுப் போயிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

களி உருளியில் வெந்தயத்தோடு கிடக்கும் கருப்பட்டியைப் பற்றியும் சொல்லணும். மேப்பிளுக்கு அடிமரத்தில் துளை போட்டால் போதும், நீர் தானாக வடியும். 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். எங்க ஊர் அக்கானி (பதனீர்தான்) அதைவிடப் பலமடங்கு இனிப்பு, ஆனால் பனை உச்சிக்கு ஏறணும். காலையும் மாலையும் ஏறணும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடும். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் பனையேறியின் ஏணிக்கு வரி, காலில் மாட்டும் தளைக்கும் வரி. ஏணிக்காணம், தளைக்காணம் என்று பெயரே உண்டு. அத்தனையும் கட்டிவிட்டு வந்த கருப்பட்டி மணத்தை எந்த சென்ட்காரனும் குப்பியில் எழுதியதா நான் பாக்கல.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒண்ணு உண்டு. 1954-ல் அமெரிக்காவில் மென்கீஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு நோயை விவரித்தார்கள். ஒரே குடும்பத்தில் நாலு பிள்ளைகள் பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோயின. மூத்திரத்தில் மேப்பிள் மணம். சில அமினோ அமிலங்களை உடைக்க முடியாத பிறவிக்கோளாறு அது. உடனே கண்டுபிடிக்காவிட்டால் பிள்ளை தங்காது. அந்த மணமும் சோட்டோலோன்தான். வெந்தயம் நிறைய சாப்பிட்டாலும் வியர்வையில், மூத்திரத்தில் இதே மணம் வரும். பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் சாப்பிட்டதால் பிள்ளைக்கு அந்த நோயோ என்று சந்தேகப்பட்ட கதை இஸ்ரேலில் நடந்து, 2001-ல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

வாசித்ததும் தங்கச்சி பிரசவம்தான் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தினமும் வெந்தயக்களி. பிள்ளையைத் தூக்கினாலே இனிப்பு மணம் அடிக்கும், நாங்க அதைப் பிள்ளை மணம்னே நினைச்சு மோந்துட்டு இருந்தோம். நல்லவேளை, களி மணம்தான். ஆனா வெந்தயம் தொடாத வீட்டில் பச்சைப்பிள்ளைக்கு இந்த மணம் வந்தா, அன்னைக்கே டாக்டரிடம் ஓடுங்க. வெந்தயம் சாப்பிட்டிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.

தம்பி திரும்பிப் போயாச்சு. சிரப் குப்பி பாதிக்கு மேல் அப்படியே இருக்கு. அம்மை போனவாரம் விளைக்கு ஆளனுப்பி ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கி வரச் சொன்னாள், சீனி கலக்காததா பாத்து.