சிலிக்கனில் ஏற்றிய விளக்கு

தில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோருடன் நாம் தொலைபேசியில் உரையாடுகையில், நம் குரல் நெடுந்தொலைவை ஒளி வடிவிலேயே கடக்கிறது. தலைமயிரனைய கண்ணாடி இழை அதைச் சுமந்து செல்கிறது. ஆனால், செய்தியைக் கணக்கிட்டுப் பிரித்தனுப்பும் கருவிகளுக்கு உயிர்நிலையாய் விளங்குவது சிலிக்கன். பல திறன் படைத்த இப்பொருளுக்கு ஒன்று மட்டும் கைவரவில்லை. அது ஒளி தருவதில்லை. மின்சாரத்தைப் பாய்ச்சினால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பமாகவே உதறிவிடுகின்றன.

இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். 2005-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிலிக்கனிலேயே இடைவிடாது ஒளிரும் லேசர் ஒன்றைச் செய்து காட்டினர். எனினும், அதனை இயக்க வெளியிலிருந்து வேறொரு லேசரின் ஒளி வேண்டியிருந்தது. இரவல் ஒளியில் எத்தனை நாள் வாழ்வது?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில், பேராசிரியர் ஜான் பவர்ஸின் குழுவினர் இன்டெல் ஆராய்ச்சியாளருடன் கூடி 2006-இல் வேறு வழி கண்டனர். இண்டியம் பாஸ்பைடு இனத்துப் பொருள்கள் நன்கு ஒளி தருவன. ஆனால் அதன் அணுக்களுக்கும் சிலிக்கன் அணுக்களுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 8 சதவிகிதம் வேறுபடும். ஒன்றின்மேல் மற்றொன்றை வளர்த்தால் படிகம் பழுதுறும். ஆகவே இவர்கள் வளர்க்கவில்லை, ஒட்டினார்கள்! இரு பரப்புகளையும் ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் காட்டி, மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாக்கி, சூடேற்றி அழுத்தினர். மேலடுக்கில் பிறக்கும் ஒளி கீழேயுள்ள சிலிக்கன் பாதையில் இறங்கி ஓடியது. லேசர்களை ஒவ்வொன்றாகச் சிலிக்கனோடு நேர்படப் பொருத்தும் தொல்லை ஒழிந்தது. இவ்வழியில் வந்த லேசர்களைத் தாங்கி, நொடிக்கு 10,000 கோடி பிட் செய்தி அனுப்பும் கருவிகளை இன்டெல் 2016-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

முதல் லேசரோ மிக எளியது. 65 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தபின்தான் அது விழித்தது. தந்த ஒளி 1.8 மில்லிவாட். 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அணைந்துவிட்டது. மே மாதத்து நாகபுரியை அறிந்த நேயர்கள் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். கணிப்பொறியின் உட்புறமோ அதனினும் வெம்மையானது. சிலிக்கன் பாதைக்கு அடியிலுள்ள ஆக்ஸைடு அடுக்கு வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுத்ததே இடர்.

ஒட்டும் முறையைச் சீர்செய்துகொண்டே, அக்குழுவினர் தாம் கைவிட்ட பழைய வழியையும் மீண்டும் நாடினர். இதனை நாம் பெரிதும் மதிக்கிறோம். சிலிக்கன்மேல் ஜெர்மானியப் படலம் இட்டு, அதன்மேல் ஒளி தரும் அடுக்குகளையே வளர்த்தனர். பழுதுகள் தோன்றத்தான் செய்தன. ஆயினும், இண்டியம் ஆர்சனைடால் ஆன நுண்ணிய தீவுகள் எலெக்ட்ரான்களைத் தத்தம் இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டமையால், அவற்றுட் பல பழுதுகளை எட்டவில்லை. 2014-இல் வெளியான அவர்களது முடிவின்படி, அவ்வாறு வளர்த்த லேசர்களுக்குத் தொடக்க மின்னோட்டம் 16 மில்லி ஆம்பியர் வரை குறைந்தது. 119 டிகிரி வெம்மையிலும் அவை ஒளிர்ந்தன.