எண்ணிக்கையும் ஊழும்: கெனடி நோயின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பரம்பரை நோய்கள் பற்றிய சிந்தனை நெடுங்காலம் ஊழ்க்கோட்பாட்டின் நிழலிலேயே வளர்ந்தது. பிறப்புரிமையியல் தோன்றிய பின்னரும் அந்நிழல் முற்றாக அகலவில்லை. ஊழ் இருந்த இடத்திற் பரம்பரையலகு அமர்த்தப்பட்டது. இந்நோக்கின் போதாமையைக் கெனடி நோயின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிவதால், ஆடவரின் கைகால்களும் நாவும் தொண்டையும் வலுவிழக்கும் நோய் இது. 1897இல் யப்பானிய மருத்துவரான ஹிரோஷி கவஹாரா சகோதரர் இருவரிடம் இதனைக் கண்டு எழுதினார். எனினும், 1968இல் அமெரிக்காவில் வில்லியம் கெனடியும் உடனாய்வாளரும் இரு குடும்பங்களைச் சேர்ந்த பதினொரு ஆடவரைப் பற்றி எழுதிய பின்னரே நோய் உலகறியப் பெயர் பெற்றது, பெயரும் கெனடியினுடையதாயிற்று. அறிவுலகின் மையம் எது, விளிம்பு எது என்பதை நோய்ப்பெயர்களும் காட்டிவிடுகின்றன.

1991இல் அல்பேர்ட் லா ஸ்பாடா, கெனத் ஃபிஷ்பெக் முதலியோர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். எக்ஸ் நிறமூர்த்தத்தில், ஆண் ஓமோனை ஏற்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகில், 'சி-ஏ-ஜி' என்னும் மூவெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. ஏறத்தாழ 34 தடவை வரை வருவது இயல்பு. 38ஐ எட்டின் நோய். புதிய எழுத்து எதுவும் புகவில்லை, இருந்ததே மிகுந்தது. அளவுமாற்றம் பண்புமாற்றமாகும் என்று ஏங்கல்ஸ் வலியுறுத்திய விதிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. (நம்மவர் சிலர் அவ்விதியை எதற்கும் பூசும் தைலமாக்கிவிட்டமை வேறு கதை.)

ஆயின் எண்ணிக்கை தனித்து நின்று நோயை ஆக்குவதில்லை. நீண்டுவிட்ட அப்புரதம் ஆண் ஓமோனுடன் இணைந்து கலத்தின் கருவினுட் செல்லும்போதே நஞ்சாகின்றது. அதே நீட்சியைத் தாங்கும் பெண்களிடம் அறிகுறிகள் தோன்றாமலோ மிகச் சிறிதாகவோ இருப்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

2011இல், இயக்க நரம்புக்கல நோயின் மிகப் பரவலான வகையை ஆராய்ந்த இரு குழுக்கள் ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் வேறொரு நீட்சியைக் கண்டன. வழக்கமாக முப்பதுக்கு மேற்படாத ஆறெழுத்துத் தொடர், நோயாளரிடம் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பெருகியிருந்தது. குடும்பத்தில் வேறெவருக்கும் நோயில்லாத சிலரிடமும் அது காணப்பட்டமையால், 'குடும்பநோய்', 'தனிநோய்' என்ற பழைய பாகுபாடு உறுதி குலைந்தது. அதைத் தாங்கியோர் அனைவரும் நோயுறுவதுமில்லை.

2017இல் யப்பான், ஆண் ஓமோனைக் குறைக்கும் லியூப்ரொரெலின் என்ற மருந்தைக் கெனடி நோய்க்கு அனுமதித்தது. நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளரின் நீண்ட உழைப்பு அதற்கு அடிப்படையாயிற்று. மருந்தின் பயன் மட்டுப்பட்டதே. நோயை அது நீக்குவதில்லை. பரம்பரையலகின் எழுத்தைத் தொடாமல், அவ்வெழுத்து நஞ்சாகும் நிலைமையையே அது தாக்குகின்றது.