சத்திரத்துச் சோறும் வழிநடையார் குறையும்: திருப்பதி – சித்தூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

வழிநடைப் பயணம் மேற்கொண்டோர் இரவில் தங்கவும் பசியாறவும் சத்திரம், சாவடி, மடம், மண்டபம் ஆகியவற்றையே நம்பியிருந்தனர். அவற்றை நிறுவியோரின் புகழைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் விரிவாகப் பேசுகின்றன. அங்குத் தங்கியோர் அடைந்த மனக்குறையோ தனிப்பாடல்களிலும் பயணக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஈந்தவர் குரலை மட்டும் கேட்டு எழுதப்படும் அறச்சாலை வரலாறு முழுமை பெறாது. ஆகவே, திருப்பதி – சித்தூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, விடுதிகளில் நேர்ந்த குறைகளின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

காளமேகத்தின் வசை

சத்திரத்துச் சோற்றைப் பற்றிய குறைகூறலில் தமிழுலகம் நன்கறிந்தது நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தின் மீது காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடலாகும். பொழுது சாயும் வேளையில்தான் அரிசி வந்து சேர்கிறது. அதைக் குத்தி உலையிலிடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது. ஓரகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றிவிடுகிறது என்பது அதன் கருத்து. அதே பாடலைச் சத்திரத்தின் புகழாகவும் பொருள்கொள்ள இயலும் என்று காட்டும் உரை மரபும் உண்டு.

இப்பாடல் இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, சத்திரத்தின் நற்பெயர் பசித்து வந்தவன் நாவில் இருந்தது. மற்றொன்று, குறை சமையற்காரனிடம் தொடங்கவில்லை. அரிசி வந்து சேராமையில் தொடங்கியது. உணவுப் பொருள் எங்கிருந்து, எந்த ஏற்பாட்டின்படி வருகிறது என்பதே அடிப்படைச் சிக்கலாகும். காளமேகம் வாழ்ந்ததாகக் கருதப்படும் 15-ஆம் நூற்றாண்டிலேயே, சந்திரகிரியைத் தலைமையிடமாகக் கொண்ட சாளுவ நரசிம்மன் காலத்தில், திருப்பதியில் அச்சிக்கலுக்கு ஒரு விடை காணப்பட்டது.

திருமலையின் இராமானுசகூடங்கள்

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் 1930களில் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. விசயநகரக் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரே அமைப்பைக் காணமுடிகிறது. கொடையாளர் நிலமோ பணமோ அளிப்பார். அதன் வருவாயைக் கொண்டு ஏரி, கால்வாய்கள் திருத்தப்படும். விளைந்து வரும் நெல்லிலிருந்து நாள்தோறும் திருப்போனகம் படைக்கப்படும். அதற்குரிய அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு ஆகியவை 'மலைகுனிய நின்றான் கால்' என்னும் முகத்தலளவையால் வரையறுக்கப்படும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரில் கொடையாளருக்குரியது. அப்பங்கை அவர் தம் விருப்பப்படி பிறருக்கு வழங்கலாம்.

இவ்விழுக்காடே யாத்திரிகரின் உணவாயிற்று. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாளுவ நரசிம்மன் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுசகூடங்களை ஏற்படுத்தி, அவற்றின் பொறுப்பைக் கந்தாடை இராமானுச ஐயங்காரிடம் ஒப்படைத்தான். கொடையாளர் பலர் தம் விழுக்காட்டை இக்கூடங்களுக்கு எழுதிவைத்தனர். கந்தாடை இராமானுச ஐயங்காரின் மாணாக்கரான சாத்தாத வைணவர்களும், அதாவது பூணூல் அணியாத பிராமணரல்லாத வைணவர்களும், இதில் உரிமை பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. திருப்பதிக் கோயிலின் பொருளியலை ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டைன், கொடைப்பணம் பாசனத்தில் முதலீடாகி உணவாகத் திரும்பிய முறையை 1960-இல் விளக்கிக் காட்டினார்.

பொருள் வரும் வழி, அளவு, உண்போர் ஆகிய மூன்றும் இங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. ஆதலால் குறை நேர்ந்தால் சுட்டிக்காட்டுவதற்குச் சான்று இருந்தது. எனினும் இவ்வுரிமை வைணவ அடியார் என்னும் வட்டத்தைத் தாண்டி வழிப்போக்கர் அனைவருக்கும் விரிந்ததாகக் கொள்ள இயலாது.

கட்டடம் நின்றது, அடுப்பு அணைந்தது

1801-இல் கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டபோது திருமலைக் கோயிலின் மேற்பார்வையும் கம்பெனியிடம் சென்றது. கோயிலின் உபரி வருவாய் அரசுக் கருவூலத்தை அடைந்தது. சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் அறக்கட்டளைகளோடு பாலங்களையும் சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது. அறக்கட்டளை வருவாய் உரிய நோக்கத்திற்கே செலவாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் குறிக்கோள். ஆனால் இதனால் சத்திரம் என்பது பழுதுபார்க்க வேண்டிய பொதுக்கட்டடங்களுள் ஒன்றாகவும் எண்ணப்படலாயிற்று. சுவரையும் கூரையையும் காப்பது அலுவலரின் கடமையாயிற்று. அடுப்பெரிவதை நாள்தோறும் பார்ப்பதற்கு உள்ளூரில் எவரும் பொறுப்பாக இல்லாதபோது சத்திரம் வெறுங்கூரையாக எஞ்சியது.

இக்காலத்தில் இவ்வழியே சென்றவர் ஏனுகுல வீராசாமி. சென்னை உச்சநீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய இவர், 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து பரிவாரத்துடன் புறப்பட்டுத் திருப்பதி, கடப்பை வழியாகக் காசி சென்று, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். இவருடைய தெலுங்கு நூலான 'காசியாத்திர சரித்திரம்' 1838-இல் அச்சேறியது. தங்குமிடம், கடைகள், குடிநீர், பாதையின் நிலை ஆகியவற்றை ஊர்தோறும் கவனித்து எழுதுவது இவர் வழக்கம். நூலின் இத்தன்மை ஒரு காலமாற்றத்தைக் காட்டுகிறது. வசதியுடைய பயணிக்குக்கூட அடுத்த ஊரில் கூரையும் அரிசியும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதை விசாரித்தறிந்து பின்வருவோருக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. பரிவாரமின்றி நடந்துசென்ற ஏழை யாத்திரிகரின் நிலையை இதிலிருந்து உய்த்துணரலாம்.

வீராசாமிக்கு முந்திய தலைமுறையில் வாழ்ந்த தெலுங்குப் புலவர் தரிகொண்ட வெங்கமாம்பா (1730–1817) திருமலையில் அன்னதானம் நடத்தியவராகப் போற்றப்படுகிறார். தனியொருவரின் முயற்சியால் அடுப்பெரியும். அவருக்குப் பின் அதைக் காக்கும் ஏற்பாடில்லையேல் அணையும் என்பதற்கு அக்கால அறச்சாலைகள் பல சான்றாகும்.

வெள்ளையர் விடுதியும் இருப்புப்பாதையும்

1911-இல் தனி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. அலுவல்முறைப் பயணம் மேற்கொண்ட ஆங்கிலேயர் நாடெங்கும் பயணியர் மாளிகைகளில் தங்கினர். அங்கு நிகழ்ந்த ஏமாற்றமும் அவர்தம் எழுத்துகளில் நகைச்சுவையாக இடம்பெற்றது. பயணி வந்திறங்கிய பின்னரே கோழியைத் துரத்திப் பிடித்து அறுத்துக் குழம்பு வைப்பதால், வேகாத கறி என்ற கேலி நெடுங்காலம் வழங்கியது. முன்னேற்பாடின்மை என்ற நிலையில் இக்கோழிக்கும் காத்தான் சத்திரத்து அரிசிக்கும் வேறுபாடில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதை திருப்பதியை எட்டியது. நாள்கணக்கில் நடந்துவந்தோர் ஒரே வண்டியில் கூட்டமாக வந்திறங்கினர். 1843 முதல் 1933 வரை கோயிலாட்சி ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. அவ்வாட்சியின் மீது எழுந்த முறையீடுகளும் வழக்குகளும் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் தேவஸ்தானத்தின் தோற்றத்திற்கும் வழிவகுத்தன. மலைக்கு வண்டிப்பாதை 1944-இல் அமைந்தது. அதன்பின் தங்குமிடத் தேவை மலைமேலும் பன்மடங்கு பெருகியது.

குறைசொல்லவும் உரிமையற்றோர்

உணவு தாமதமாயிற்று என்று குறைசொல்லப் பந்தியில் இடம் பெற்றிருக்க வேண்டும். சத்திரங்கள் பலவற்றில் சமைத்த உணவு பிராமணர்க்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஏனையோர்க்கு உலுப்பையாக அரிசி, பருப்பு கிடைத்தால் அதுவே மிகுதி. ஒடுக்கப்பட்டோர்க்குத் திண்ணையும் மறுக்கப்பட்டது. எல்லாச் சத்திரங்களும் இவ்வாறு இருந்தனவென்று கூறவும் இயலாது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, தம் முன்னோர் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை அனைவர்க்கும் உணவளிக்கப்படுவதாக 1801-இல் கம்பெனிக்கு எழுதிய மடலில் தெரிவித்துள்ளார். ஆகவே பந்தி வேற்றுமை தவிர்க்கவியலாத மரபன்று. நிறுவியோரும் நடத்தியோரும் மேற்கொண்ட தேர்வு என்பது புலனாகிறது.

இருப்புப்பாதை நிலையங்களின் உணவுச்சாலைகளிலும் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. சுயமரியாதை இயக்கத்தாரும் நீதிக்கட்சியினரும் இதனை எதிர்த்தனர். 1941-இல் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதி, சமயம் முதலியவற்றைக் காரணங்காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் இணைந்தது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாயிற்று.

முடிவுரை

திருமலையில் 1985-இல் தொடங்கப்பட்ட நித்திய அன்னதானத் திட்டம், நன்கொடைகளை நிலைவைப்பாகக் கொண்டு யாத்திரிகர் அனைவர்க்கும் உணவளிக்கிறது. 2011-இல் திறக்கப்பட்ட உணவுக்கூடம் வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. நிலையான பொருள்வரவு என்னும் நிலையில் இது இராமானுசகூடத்தை ஒத்தது. உண்போர் வட்டத்தை விரித்த நிலையில் அதனினும் வேறுபட்டது.

விடுதியில் நேரும் ஏமாற்றத்தைச் சமையலின் குறையாகவோ பணியாளரின் அசட்டையாகவோ மட்டும் காண்பது போதாது. அரிசிக்குரிய வருவாய் அடுப்பிலிருந்து பிரிக்கப்பட்ட காலங்களில் சோறு தாமதமாயிற்று. பின்னர் இல்லாமலும் போயிற்று. கொடையாளர் பெயரைக் கற்கள் காத்துவைத்துள்ளன. பசியோடு திரும்பியவரின் குறையைக் காத்தவை ஒருசில பாடல்களும் குறிப்புகளுமே. பந்திக்கு அழைக்கப்படாதோர் அவற்றிலும் இடம்பெறவில்லை. அறச்சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் இம்மூன்றையும் ஒருசேரக் கருதுதல் வேண்டும்.